பொங்கலுக்குள் தத்தெடுப்பை முடித்துக் குழந்தையோடு அமெரிக்கா திரும்ப முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள், கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கிறது. டெல்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு ஆணையமான காரா வழியாக, தமிழ்நாட்டில் ஒரு சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்தில் வளரும் மூன்று வயதுக் குழந்தையை ரிசர்வ் செய்து, செப்டம்பரில் சம்மதக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். டிசம்பர் கடைசியில் மூன்று வார விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள். அதற்குள் தத்தெடுப்பு முடிந்துவிடுமா? தாத்தா பாட்டி வீட்டில் பொங்கல் வைத்துவிட்டுக் குழந்தையோடு விமானம் ஏறிவிடலாமா? ஆணை தாமதமானால் அதுவரை குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவைக்கலாமா? அக்கா, தம்பி குழந்தையைத் தத்தெடுக்க நினைப்பவர்களும் இதே விடுமுறைக் கணக்கோடுதான் வருகிறார்கள் என்பதால், அவர்களுக்கான பதிலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செப்டம்பரில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஜனவரியில் குழந்தையோடு திரும்புவது பெரும்பாலும் நடக்காது. மூன்று வார விடுமுறைக்குள் நிம்மதியாக அடங்கக்கூடியது கடைசிக் கட்டம் மட்டும்தான்: ஆணை வந்து, குழந்தையின் பாஸ்போர்ட்டும் தயாராகி, டெல்லிக்குப் போய் விசா வாங்கிக் கிளம்புவது. அதற்கு முந்தைய கட்டங்கள் எதுவும் நீங்கள் நேரில் வந்து நிற்பதால் வேகமெடுப்பதில்லை. அதனால் டிக்கெட்டைப் பண்டிகைத் தேதி பார்த்துப் போடாமல், கையில் எந்தக் காகிதம் இருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.

காரணம் புரிய, காகிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் 1993-ஆம் ஆண்டு ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இருக்கின்றன. இந்தியா 2003-இல் ஏற்றது. அமெரிக்காவில் அது 2008 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. இந்த உடன்படிக்கையின் உயிர்நாடியே வரிசைதான். குழந்தை உங்கள் நாட்டுக்குள் வர அனுமதி உண்டு என்று அந்த நாடு முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் இங்கே தத்தெடுப்பு நடக்க வேண்டும். வரிசை புரண்டால் சரிசெய்யப் பல மாதங்கள் ஆகும், சில சமயம் சரிசெய்யவே முடியாது.

முதலில் ஐ-800ஏ. நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று அமெரிக்கக் குடிவரவுத் துறை தரும் ஒப்புதல் இது. குழந்தையை ரிசர்வ் செய்து (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதற்கு 96 மணி நேரம்), அதன் ஆய்வறிக்கையிலும் மருத்துவ அறிக்கையிலும் 30 நாளுக்குள் கையெழுத்துப் போட்ட பிறகு, அந்தக் குறிப்பிட்ட குழந்தைக்காக ஐ-800 மனு போகும். அதற்குத் தற்காலிக ஒப்புதல் வந்ததும் கோப்பு தேசிய விசா மையம் வழியாக டெல்லி தூதரகத்துக்கு வரும். நீங்கள் டிஎஸ்-260 விசா விண்ணப்பத்தை நிரப்புவீர்கள். தூதரக அதிகாரி எல்லாவற்றையும் பார்த்து, குழந்தை அமெரிக்காவுக்குள் வரலாம் என்று உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவின்படி காராவுக்குக் கடிதம் அனுப்புவார். அந்தக் கடிதம் வந்த பிறகே காரா என்ஓசி எனப்படும் தடையில்லாச் சான்றைத் தரும். விதிப்படி இதற்கு 10 நாள்.

என்ஓசி வந்ததும் நிறுவனம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் கலெக்டரிடம் விண்ணப்பம் வைக்கும். முன்பு நீதிமன்றம் தந்துவந்த தத்தெடுப்பு ஆணையை, இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் 2022 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்ததிலிருந்து கலெக்டர்தான் தருகிறார். சட்டம் அவருக்கு இரண்டு மாதம் கெடு கொடுக்கிறது. ஆணை கிடைத்த பிறகு தத்தெடுப்பு ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழைக் காரா மூன்று வேலை நாளில் தர வேண்டும். உங்கள் பெயர்களோடு புதிய பிறப்புச் சான்றிதழ், அதை வைத்து இந்தியப் பாஸ்போர்ட், அதை வைத்து மருத்துவப் பரிசோதனை, பிறகு விசா.

கெடுக்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். என்ஓசிக்கு 10 நாள், கலெக்டருக்கு 60 நாள் என்பதே எழுபது நாள். அதற்கு முன்னால் அமெரிக்கப் பக்கத்து வேலைகள், பின்னால் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா. எல்லோரும் கெடுவுக்குள் முடித்தாலும் கையெழுத்திலிருந்து நான்கைந்து மாதம் ஆகிவிடும். கெடு தாண்டுவது அபூர்வமல்ல.

உங்கள் வழக்கில் காலமும் எதிராக இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. புயல், வெள்ளம் என்றால் மாவட்டத்தின் பேரிடர்ப் பணிக்குத் தலைமை வகிப்பவர் அதே கலெக்டர்தான். கடலோர மாவட்டங்களில் அந்த வாரங்களில் மற்றக் கோப்புகள் நகராது. தேர்தல் வந்தால் மாவட்டத் தேர்தல் அதிகாரியும் அவரே. ஜனவரி 14 வாக்கில் தொடங்கும் பொங்கல் விடுமுறையில் அலுவலகங்கள் வரிசையாக மூடியிருக்கும், அடுத்த வாரமே குடியரசு நாள் வந்துவிடும். தூதரகம் இந்திய விடுமுறைக்கும் மூடும், அமெரிக்க விடுமுறைக்கும் மூடும். நவம்பர் கடைசியில் நன்றி நவிலல் நாளிலிருந்து ஜனவரி கடைசிவரை முழுதாக வேலை நடக்கும் வாரங்கள் குறைவு. ஊருக்கு வர உங்களுக்குப் பிடித்த பருவம் எதுவோ, அதுவே கோப்புகளுக்கு மிக மந்தமான பருவம்.

காத்திருக்கும் நாட்களில் நீங்கள் கவனிக்க வேண்டியது காலாவதித் தேதிகளை. உங்கள் வீட்டையும் குடும்ப நிலையையும் ஆராய்ந்து எழுதப்படும் ஹோம் ஸ்டடி அறிக்கை காராவின் கணக்கில் மூன்றாண்டு செல்லும். அமெரிக்கக் கணக்கு வேறு: ஐ-800ஏ-வோடு தரும்போது அந்த அறிக்கை ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஒப்புதல் கிடைத்தால் 15 மாதம்தான் செல்லும். காரா பட்டியலில் காத்திருந்த காலத்தில் இந்த 15 மாதம் சத்தமில்லாமல் ஓடியிருக்கும். காராவில் எல்லாம் சரியாக இருப்பதால் அமெரிக்கப் பக்கமும் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். காலாவதிக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வீடு மாறினாலும், வேலை போனாலும், வீட்டில் இன்னொருவர் குடிவந்தாலும், நீங்கள் கருவுற்றாலும் ஹோம் ஸ்டடியைப் புதுப்பிக்க வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் மாறுவது இன்னும் பெரிய வேலை. குழந்தை வரப்போகிறது, பெரிய வீடாகப் பார்ப்போம் என்ற ஆசையை விசா கைக்கு வரும்வரை தள்ளிவைப்பது நல்லது.

இப்போது கேள்வியின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். என்ஓசி வந்துவிட்டது, ஆணை வரவில்லை, நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள். குழந்தையை வீட்டுக்கு அழைத்துவரலாமா?

சட்டப்படி முடியும். காராவின் என்ஓசி கிடைத்த பிறகு, ஆணை வரும்வரையான இடைக்காலத்துக்கு, உறுதிமொழி எழுதிக்கொடுத்துக் குழந்தையைத் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பில் எடுக்கலாம். ஆனால் இந்தியாவுக்குள் மட்டும். ஐந்தாம் பிரிவுக் கடிதம் வராமல் என்ஓசி வராது என்பதால், இந்த வழியில் போகும்வரை அமெரிக்க வரிசையும் குலையாது. என்ஓசிக்கு முன்பு, பண்டிகைக்கு நாலு நாள் மட்டும் என்று எந்தப் பெயரிலும் குழந்தையை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். நிறுவனத்தில் யாராவது அன்பாக ஒப்புக்கொண்டாலும் வேண்டாம்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டும் என்பதில்லை. இந்த வளர்ப்புப் பராமரிப்பு உங்கள் இருவர் பெயருக்குத் தரப்படுவது. தாத்தா பாட்டிக்குத் தரப்படுவதல்ல. ஜனவரி 20-இல் விடுமுறை முடிந்து நீங்கள் கிளம்பினால், குழந்தை நிறுவனத்துக்குத் திரும்பத்தான் வேண்டும். மூன்று வயதுக் குழந்தை அதை எப்படிப் புரிந்துகொள்ளும்? பெற்ற தாயை ஏற்கெனவே இழந்த குழந்தை அது. தினமும் தூக்கி வைத்திருந்த ஆயாம்மாவைப் பிரிந்து உங்களிடம் வந்து, மூன்று வாரத்தில் உங்களை அம்மா அப்பா என்று அழைக்கத் தொடங்கி, மறுபடியும் அதே இடத்தில் விடப்படுகிறது. மார்ச்சில் நீங்கள் திரும்ப வரும்போது அது உங்களை நம்பாது. நம்பாமல் இருப்பதுதான் இயல்பு. அந்த நம்பிக்கையைக் கட்டி எழுப்ப ஆகும் காலத்தை எந்தப் பொங்கலும் ஈடுசெய்யாது.

ஆகவே ஒரு நிபந்தனையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவர் விசா வரும்வரை, அது ஏப்ரல் ஆனாலும், இந்தியாவில் தங்க முடியும் என்றால் மட்டும் வளர்ப்புப் பராமரிப்பு எடுங்கள். முடியாது என்றால் குழந்தை அதன் இடத்திலேயே இருக்கட்டும். விடுமுறையில் வந்தால், நிறுவனத்தின் அனுமதியோடு அங்கேயே போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளையாடுங்கள், குழந்தை என்ன சாப்பிடுகிறது, எப்படித் தூங்குகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று பராமரிப்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முகங்கள், வீடு, குழந்தையின் கட்டில் ஆகியவை இருக்கும் சிறு புகைப்பட ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீடியோ அழைப்புக்கு அனுமதித்தால் வாரம் ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் படத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பெரியம்மா ஸ்டேட்டஸில் வைத்துவிட்டால் நீங்கள் திரும்ப எடுக்க முடியாது. பாட்டிக்குக் காட்ட வேண்டுமென்றால் நேரில் உங்கள் போனில் காட்டுங்கள்.

அடுத்து, கோப்புகள் அதிகம் திரும்பி வருவது பெயரில்தான். தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கலெக்டர் ஆணையில் ‘செ. கவின்’ என்று வந்துவிட்டால், பிறப்புச் சான்றிதழும் அப்படியே வரும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகிவிடும். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’, அதாவது முதற்பெயர் தெரியாது என்று அச்சாகும். அதைத் திருத்தப் பள்ளி, காப்பீடு, சமூகப் பாதுகாப்பு எண் என்று ஒவ்வோர் இடமாக அலைய வேண்டும். குழந்தையின் முழுப் பெயரை, முதற்பெயர் இது, குடும்பப் பெயர் இது என்று விரித்து, ஆங்கில எழுத்துக்கூட்டலோடு எழுதி விண்ணப்பத்துக்கு முன்பே நிறுவனத்திடம் கொடுங்கள்.

பெற்றோரின் பெயரிலும் இதே கதை நடக்கும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது பெயரை மாற்றியிருப்பீர்கள். ஓசிஐ அட்டையில் பழைய பெயர் இருக்கலாம். திருமணச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கலாம். எல்லாவற்றிலும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் உள்ளதே இருக்க வேண்டும். வேறுபாடு இருந்தால் மூன்று வடிவமும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே இணையுங்கள்.

பிறந்த தேதிக்கும் அதே கவனம் தேவை. கைவிடப்பட்ட குழந்தைக்குக் குழந்தைகள் நலக் குழு மருத்துவ மதிப்பீட்டை வைத்து ஒரு தேதியைத் தீர்மானித்திருக்கும். நலக் குழுவின் சான்றில் ஒரு தேதி, மருத்துவ அறிக்கையில் இன்னொன்று என்று இருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். ஆணையில் தவறு ஏறிவிட்டால் திருத்தத்துக்குக் கோப்பு மீண்டும் கலெக்டர் மேசைக்குத்தான் போகும். தாக்கல் செய்யும் முன் விண்ணப்ப நகலை வாங்கி, எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆணை வந்த அன்றே சான்றளிக்கப்பட்ட நகல்கள் ஐந்தாறு கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் அலுவலகம், தூதரகம், காப்பீடு, பிறகு ஓசிஐ என்று ஒவ்வொன்றாகத் தேவைப்படும்.

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். சென்னையிலும் அத்தகைய மையம் உண்டு. இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு இந்தியாவில் காசநோய்க்கான ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனை கட்டாயம். உங்கள் குழந்தைக்கு மூன்று வயது என்பதால் இது பொருந்தும். அதில் பாசிட்டிவ் வந்தால் மார்பு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் சந்தேகம் இருந்தாலோ, அறிகுறிகள் இருந்தாலோ, சளி மாதிரி எடுத்துக் கல்ச்சர் வைப்பார்கள். அதன் முடிவுக்குச் சுமார் எட்டு வாரம் ஆகும், எந்தச் சிபாரிசாலும் அதைக் குறைக்க முடியாது. கிருமி வளர்கிறதா என்று பார்க்க அவ்வளவு நாள் தேவை. விடுமுறையின் கடைசி வாரத்தில் பரிசோதனை வைத்துக்கொண்டு மறுநாள் டிக்கெட் போடுவது இதனால்தான் ஆபத்து. பாஸ்போர்ட் வந்ததும் முதல் வேலையாக இதை முடியுங்கள். நிறுவனத்தில் யாருக்காவது சமீபத்தில் காசநோய் இருந்ததா, குழந்தைக்கு முன்பு சிகிச்சை நடந்ததா என்று முன்பே கேட்டு, சிகிச்சைப் பதிவுகளின் நகலை வாங்கிவையுங்கள்.

தடுப்பூசி அத்தனை பெரிய தலைவலி இல்லை. பத்து வயதுக்கு உட்பட்ட தத்துக் குழந்தைக்கு, டிஎஸ்-1981 என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டால், போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. ஊசி அட்டையின் அசலை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போட்ட ஊசியையே அங்கே மறுபடி போடுவார்கள்.

இந்தியாவில் தத்து விசா தருவது டெல்லி தூதரகம். சென்னைத் துணைத் தூதரகத்தில் முடியாது. டிசம்பர், ஜனவரியில் டெல்லியின் பனிமூட்டம் விமானங்களை மணிக்கணக்கில் தாமதப்படுத்தும், சில நாள் ரத்தே ஆகும். நேர்முகத்துக்கு முந்தின நாள் மாலை விமானத்தில் போகலாம் என்று திட்டமிடாதீர்கள். இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். தமிழ்நாட்டு வெயிலைத் தவிர எதையும் அறியாத குழந்தைக்கு அந்தக் குளிர் புதிது. ஸ்வெட்டர், காலுறை, காது மூடும் குல்லாவை இங்கிருந்தே கொண்டுபோங்கள். விசாவுக்கு முன் தூதரக அதிகாரி ஆணையைச் சரிபார்த்து ஹேக் தத்தெடுப்புச் சான்றிதழ் தருவார். தத்தெடுப்பு இந்தியாவிலேயே முழுமையாக முடிந்திருப்பதால் கிடைப்பது ஐஎச்-3 விசா. சீல் வைத்த உறை கொடுத்தால் பிரிக்காதீர்கள், அமெரிக்க விமான நிலைய அதிகாரிதான் பிரிக்க வேண்டும்.

திரும்பும் விமானத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உங்கள் கையில் அமெரிக்கப் பாஸ்போர்ட், குழந்தையின் கையில் இந்தியப் பாஸ்போர்ட். வழியில் மாறும் விமான நிலையத்தில் உங்களுக்கு எதுவும் தேவைப்படாது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சில நாடுகள் இடைவழி விசா கேட்கும். அமெரிக்க விசா இருந்தால் விலக்கு உண்டு என்றாலும், ஐஎச்-3-ஐ அதில் சேர்ப்பார்களா என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாகவே வாங்குங்கள். உங்களுடையதும் அப்படியே. மலிவான டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை ஒரே ஒரு தேதி மாற்றம் விழுங்கிவிடும்.

விடுப்பும் காப்பீடும் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டத்தின் 12 வாரம் தத்தெடுப்புக்கும் பொருந்தும். வெளிநாட்டுக்குப் போய்த் தத்தெடுப்பை முடிக்கும் பயணத்துக்கும் எடுக்கலாம். ஆனாலும் முடிந்தவரை வீடு போய்ச் சேர்ந்த பிறகு எடுக்க மிச்சம் வையுங்கள், குழந்தைக்கு நீங்கள் தேவைப்படுவது அப்போதுதான். அலுவலகக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்க்கக் குறைந்தது 30 நாள் தருவார்கள். அந்த 30 நாள் பொதுவாகத் தத்தெடுப்பு அல்லது ஒப்படைப்புத் தேதியிலிருந்து ஓடும், அமெரிக்காவில் இறங்கிய நாளிலிருந்து அல்ல. ஆணை நவம்பரில், வருகை ஜனவரியில் என்றால் வாய்ப்பு கடந்திருக்கும். ஆணை வந்த வாரமே மனிதவளத் துறைக்கு எழுதிவிடுங்கள்.

பணம் தொடர்பாக ஒன்று. வெளிநாட்டில் வாழும் பெற்றோர் நிறுவனத்துக்குத் தர வேண்டிய குழந்தைப் பராமரிப்புத் தொகை 5,000 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, ரசீதோடு. கோப்பை நகர்த்த, நன்கொடையாக, பண்டிகை அன்பளிப்பாக என்று அதற்கு மேல் யார் கேட்டாலும் காராவுக்கு எழுதுங்கள். கொடுத்தால் உங்கள் தத்தெடுப்பின் மீதே கறை படியும்.

எல்லாம் கூடிவந்து, பண்டிகை நேரத்திலேயே குழந்தை உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நேராகக் கூட்டம் நிறைந்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நிறுவனத்தில் வளர்ந்த குழந்தை யாரிடமும் சிரித்துக்கொண்டு போய்விடும். ‘பாரு, ஒட்டிக்கிட்டான்’ என்று உறவினர்கள் மகிழ்வார்கள். யார் தன்னுடையவர் என்று இன்னும் தெரியாததுதான் அந்தச் சிரிப்பின் காரணம். முதல் சில வாரம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அழுதால் தூக்குவது எல்லாம் நீங்கள் இருவர் மட்டும் செய்யுங்கள். தாத்தா பாட்டி தினம் ஒரு மணி நேரம் வரட்டும், கதை சொல்லட்டும், தரையில் உட்கார்ந்து விளையாடட்டும். மொட்டை, காதுகுத்து, விருந்து எல்லாம் அடுத்த வருகைக்கு. நிறுவனத்தில் போர்த்திய துணி, சட்டை ஏதாவது கேட்டு வாங்கி, துவைக்காமல் தூங்கும்போது பக்கத்தில் வையுங்கள். பழகிய வாசனை இருந்தால் இரவில் அழுகை குறையும். அங்கே சாப்பிட்ட அதே குழைந்த சாதம், அதே நேரம். தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலம் தானாக வரும். இப்போது அதற்குப் புரியும் மொழி ஒன்றுதான் அதன் கையில் இருக்கிறது.

அக்கா குழந்தை, தம்பி குழந்தை என்று கேட்பவர்களுக்கு வருகிறேன். விடுமுறையில் வந்து, கோயிலில் சடங்கு செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு தூதரகம் போவது மிகப் பரவலாக நடக்கும் தவறு. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பத்திரம் இந்தியாவில் செல்லும். அமெரிக்க விசாவுக்கு அதுவே தடையாகும். ஐ-800 தற்காலிக ஒப்புதலுக்கும் ஐந்தாம் பிரிவுக் கடிதத்துக்கும் முன்பே தத்தெடுத்துவிட்டதால் மனு நிராகரிக்கப்படும். வரிசையைச் சரியாகப் பிடித்தாலும் இன்னொரு சுவர் இருக்கிறது: பெற்ற தாய் தந்தை இருவரும் உயிரோடு இருந்தால், அவர்களால் குழந்தையை முறையாக வளர்க்க இயலாத நிலை இருப்பதாக நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவில் நன்றாகப் படிக்கட்டும் என்பது காரணமாகாது. குழந்தைக்கு 16 வயது ஆவதற்குள் மனு போயிருக்க வேண்டும்.

இளைஞர் நீதிச் சட்டத்தில் ‘உறவினர்’ என்பதற்கும் எல்லை உண்டு. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி என்பதோடு நின்றுவிடும். ஒன்றுவிட்ட அண்ணன் குழந்தை இதில் வராது. ஆகவே எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடும் முன், அமெரிக்காவில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம், பெற்றோரால் வளர்க்க இயலாத நிலையை நிரூபிக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனையை மட்டும் வைத்துக் கேளுங்கள். உறவுக்குள் மனம் ஒப்பிக் கொடுத்த குழந்தை, விசா இல்லாமல் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்பதைவிட முதலிலேயே முடியாது என்று தெரிவது நல்லது.

எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஐ-800ஏ போட, தம்பதியில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். இருவரும் இல்லை என்றால் மேலே சொன்ன பாதையே உங்களுக்குக் கிடையாது. மற்ற வழிகளில் அமெரிக்கச் சட்டம் பொதுவாக இரண்டாண்டு சட்டபூர்வப் பொறுப்பும் இரண்டாண்டு சேர்ந்து வாழ்வதும் கேட்கும். காராவில் வெளிநாடு வாழ் இந்தியராகப் பதிய முடிகிறது என்பதை வைத்து, குழந்தையை அழைத்துவரவும் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, அடுத்த பொங்கலுக்குக் குழந்தையோடு வருவதற்கான காகிதங்கள். ஐஎச்-3 விசாவில் 18 வயதுக்குள் அமெரிக்காவில் நுழைந்து உங்களோடு வாழத் தொடங்கும் குழந்தை, 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானாகவே அமெரிக்கக் குடியுரிமை பெறுகிறது. குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வரும், தனி விண்ணப்பம் வேண்டாம். வீடு மாறினால் முகவரியை உடனே தெரிவியுங்கள். பிறகு அமெரிக்கப் பாஸ்போர்ட்: 16 வயதுக்கு உட்பட்டது என்பதால் பெற்றோர் இருவரும் குழந்தையோடு நேரில் போக வேண்டும். அது வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. இந்தியத் தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனம் வழியாக அதை ஒப்படைத்து ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள், அது இல்லாமல் ஓசிஐயோ விசாவோ நகராது. ஓசிஐக்கு உங்கள் வழியாக மட்டுமல்ல, முன்பு இந்தியக் குடியுரிமை பெற்றிருந்ததால் குழந்தைக்குத் தன் சொந்த உரிமையிலேயே தகுதி இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்பதால், ஜனவரியில் வர வேண்டுமென்றால் முந்தைய கோடைக்குள் பாஸ்போர்ட் வேலையைத் தொடங்கிவிடுங்கள். முதலாண்டில் காலாண்டுக்கு ஒன்று, இரண்டாமாண்டில் அரையாண்டுக்கு ஒன்று என உங்கள் தத்தெடுப்பு முகமை அனுப்ப வேண்டிய தொடர் அறிக்கைகள் உண்டு; அந்தச் சந்திப்புகள் விழும் வாரங்களில் பயணத் தேதி வைக்காதீர்கள்.